குடைக்கோரையின் நுனி கருகுவது எதனால்?

மாடித்தோட்டக்காரர், மதுரை:
அனைவருக்கும் வணக்கம். எங்கள் மொட்டை மாடியில், பன்னிரண்டு அங்குலத் தொட்டியில் ஒரு குடைக்கோரையை எட்டு மாதங்களாக வளர்த்து வருகிறேன். நாற்றுப்பண்ணையில் ‘அம்ப்ரெல்லா பாம்’ என்று சொல்லிக் கொடுத்தார்கள். கோரைப்பூவைப் போலவே பூத்த பிறகுதான் அது பனையே அன்று என்பது புரிந்தது. மாசி வரை செழிப்பாக இருந்த செடியில், பங்குனி பிறந்ததிலிருந்து, தண்டுகளின் உச்சியில் இலைகள் விரிந்த எல்லாக் குடைகளின் நுனிகளும் பழுப்பாகிக் கருகுகின்றன. நாள்தோறும் ஆழ்துளைக் கிணற்று நீர் ஊற்றுகிறேன்; தொட்டியின் கீழே தட்டு வைத்து, அதிலும் நீர் தேங்கி நிற்கும்படி பார்த்துக்கொள்கிறேன். நீர் குறைவில்லாதபோது நுனி கருகுவது ஏன்? மேலும், வயல் வேலை அறிந்த என் மாமியார், கோரையை வீட்டுக்குள் விட்டால் தோட்டமே பாழாகிவிடும் என்கிறார். அவர் அஞ்சுவது சரிதானா?

நீர்ச்செடி அன்பர், தஞ்சாவூர்:
தங்கள் மாமியார் அஞ்சுவது வேறொரு கோரையை எண்ணி. வயலில் களையாக வரும் கோரைக்கிழங்குச் செடி மண்ணுக்கடியில் கிழங்குகளைச் சங்கிலியாகக் கோத்துக்கொண்டே போகும்; மேலே பிடுங்கினால் கிழங்கு கீழே தங்கி மறுபடியும் முளைக்கும். குடைக்கோரையும் அதே பேரினத்தைச் சேர்ந்ததுதான் என்றாலும், அதற்கு அத்தகைய கிழங்குகள் இல்லை. குட்டையான தடித்த மண்ணடித் தண்டிலிருந்து தூராகவே பெருகும். தொட்டியில் இருக்கும் வரை அச்சமில்லை. ஆனால் கழித்த குடைகளை வாய்க்காலிலோ கண்மாயிலோ எறிந்துவிட வேண்டாம். ஆப்பிரிக்காவிலிருந்து வந்த இச்செடி ஆஸ்திரேலியாவின் ஓடைக்கரைகளில் களையாகப் பரவியிருக்கிறது.

நுனி கருகுவதற்குத் தாங்கள் சொன்ன அந்தத் தட்டே காரணமாக இருக்கலாம். ஆழ்துளை நீரில் உப்பு இருந்தால், நீர் ஆவியாகிப் போகும். உப்பு மட்டும் மண்ணிலேயே தங்கும். தட்டில் வடிந்த நீரையும் வேர் மீண்டும் உறிஞ்சிக்கொள்வதால், அந்த உப்புக்கு வெளியேற வழியே இல்லை. கோடையில் ஆவியாதல் கூடும்போது உப்பின் செறிவும் கூடும். அதன் விளைவு முதலில் நுனிகளில்தான் தெரியும். மண்ணின் மேற்பரப்பில் வெள்ளைப் படிவு இருக்கிறதா, பாருங்கள். மண் கலவை என்ன என்பதையும் எழுதுங்கள்.

மாடித்தோட்டக்காரர், மதுரை:
தொட்டியின் விளிம்பில் வெள்ளைப் படிவு இருக்கிறது, ஐயா. கலவையில் பாதி தென்னைநார்க் கழிவு. அதை அலசாமல் அப்படியே பயன்படுத்தினேன்.

நீர்ச்செடி அன்பர், தஞ்சாவூர்:
அலசாத தென்னைநார்க் கழிவிலும் உப்பு மிகுதியாக இருக்கும். ஆகவே தட்டை எடுத்துவிட்டு, தொட்டியின் கொள்ளளவைப் போல மூன்று நான்கு மடங்கு நல்ல நீரை மெதுவாக ஊற்றி, அடித்துளை வழியே முழுவதும் வடிய விடுங்கள். சேமித்த மழைநீர் கிடைத்தால் மிகவும் நல்லது. உப்புநீரே ஊற்ற நேர்ந்தால், மாதம் ஒருமுறையேனும் இதைச் செய்ய வேண்டும். இதுவரை கருகிய நுனிகள் பச்சையாகத் திரும்பமாட்டா. நாம் இலை என்று எண்ணும் அந்தக் குடைக்கம்பிகள், உண்மையில் பூங்கொத்தின் அடியில் விரியும் பூவடிச் செதில்களே. வெட்டினால் அதே தண்டில் வேறு குடை விரியாது. மிகவும் வாடிய தண்டுகளை அடியோடு அறுத்துவிட்டால், தூரிலிருந்து புதியவை எழும்பும். சித்திரை வெயில் குறையும் வரை பிற்பகல் நிழல் கிடைக்கும் இடத்துக்கு மாற்றுங்கள்.

கொல்லைப்புறத் தோட்டம், நாகர்கோவில்:
மேலே சொன்னவற்றோடு முழுவதும் உடன்படுகிறேன்; தட்டைப் பற்றி மட்டும் ஒன்று சேர்க்க விரும்புகிறேன். இச்செடி ஒரு நாள் கூட வறண்டு போவதைப் பொறுக்காது என்பதால், அலசி முடித்த பின் தட்டை மீண்டும் வைக்கலாம். ஆனால் வாரம் ஒருமுறை அதைக் கொட்டிக் கவிழ்த்து, உட்புறத்தை நாரால் தேய்த்துக் கழுவுங்கள். டெங்கு பரப்பும் கொசுவின் முட்டைகள் தட்டின் சுவரில் ஒட்டிக்கொண்டு, நீர் வற்றினாலும் அழியாமல் இருக்கும். நீரை மட்டும் கொட்டினால் போதாது.

அறுத்த குடைகளுள் நலமானவற்றை வீணாக்க வேண்டாம். இரண்டு அங்குலத் தண்டோடு நறுக்கி, கம்பிகளைப் பாதியாகக் கத்தரித்து, குடையைத் தலைகீழாக ஒரு கிண்ண நீரில் மிதக்க விடுங்கள். நீர்க்கரையில் தண்டு சாய்ந்து, குடை நீரைத் தொடும்போது இயற்கையாக நடப்பதும் இதுவே. சில வாரங்களில் குடையின் நடுவிலிருந்து வேரும் இளந்தளிரும் வரும். இதைப் பார்ப்பதில் எனக்கு இன்றும் அலுக்காத மகிழ்ச்சி உண்டு. அந்தக் கன்றுகளுக்குக் களிப்பாங்கான மண்ணோடு நன்கு மட்கிய தொழுவுரம் கலந்து வையுங்கள். பழைய தூரை மழை தொடங்கிய பிறகு ஐப்பசியில் எடுத்துப் பிரிக்கலாம். அப்போது நடுப்பகுதியை விட்டுவிட்டு, ஓரத்து இளம் முளைகளை மட்டும் நடுங்கள்.