பாலிக்கு ஒரு நாள் மட்டும் டிக்கெட்டே வரவில்லை, அவசரம்!

அரைடிக்கெட்:
வணக்கம். குடும்பத்தோடு பாலி போகிறோம். ஹோட்டல் போட்டாகிவிட்டது, பணம் திரும்பக் கிடைக்காத வகை. இப்போது விமான டிக்கெட் தேடினால் 18ஆம் தேதிக்கு மட்டும் உருப்படியாக ஒன்றும் வரவில்லை. வந்தாலும் பயண நேரம் 34 மணி, 38 மணி என்று காட்டுகிறது. 17க்கும் 19க்கும் ஒழுங்காக வருகிறது. மூன்று தளங்களில் பார்த்துவிட்டேன். என்ன கோளாறு? இன்று இரவுக்குள் போட்டாக வேண்டும்.

ஏழுகிலோ:
எந்த ஊரிலிருந்து? எந்த மாதம்? எத்தனை பேர்?

ஜன்னல்சீட்:
குக்கீயை அழித்துவிட்டுத் தேடுங்கள். ஒரே தேதியைத் திரும்பத் திரும்பத் தேடினால் நல்ல விமானங்களை ஒளித்துவைத்து விலையை ஏற்றுவார்கள். என் மச்சானுக்கு இப்படித்தான் ஆனது.

ஏழுகிலோ:
குக்கீயை அழித்தால் 34 மணி நேரம் 12 ஆகிவிடுமா?

கடலைமிட்டாய்:
எரிமலையாக இருக்கும். 2024 நவம்பரில் புளோரஸ் தீவில் லெவோதோபி வெடித்து, சாம்பலால் பாலி விமானங்கள் வரிசையாக ரத்தாகின.

ஏழுகிலோ:
எரிமலை தேதி சொல்லிவிட்டா வெடிக்கும்?

பழையபாஸ்போர்ட்:
வருடா வருடம் யாராவது ஒருவர் இதைக் கேட்கிறார். ஊர் சொல்லவில்லை, மாதம் சொல்லவில்லை, ‘என்ன கோளாறு’ என்றால் நாங்கள் என்ன கிளி ஜோசியமா பார்க்கிறோம்? போகிற ஊரைப் பற்றி ஒரு பக்கமாவது படித்துவிட்டு ஹோட்டல் போட்டிருக்கலாம்.

அரைடிக்கெட்:
மன்னிக்கவும், அவசரத்தில் விட்டுவிட்டேன். சென்னை, மார்ச். நாங்கள் இருவர், பையன், அம்மா. அம்மாவுக்கு 71. உபுதில் 19ஆம் தேதியிலிருந்து 4 இரவு.

பஞ்சாங்கம்:
2026 மார்ச் 19 நியெபி. அன்றுதான் பாலி இந்துக்களின் புத்தாண்டு, சக ஆண்டு 1948 பிறக்கிறது. நம்மைப் போலக் கொண்டாட்டம் இல்லை, மௌன நாள். காலை 6 முதல் மறுநாள் காலை 6 வரை விளக்கு, வேலை, பயணம், கேளிக்கை எதுவும் கூடாது. பாலியின் தென்பசார் விமான நிலையத்தையே 24 மணி நேரம் மூடிவிடுவார்கள். ஹோட்டல் தளத்துக்கு இதெல்லாம் தெரியாது, அது பாட்டுக்குப் பணத்தை வாங்கிக்கொண்டிருக்கிறது.

ஜன்னல்சீட்:
அவர் தேடியது 18. நீங்கள் சொல்வது 19. 18 அன்று விமான நிலையம் திறந்துதானே இருக்கும்?

ஏழுகிலோ:
ஏறுகிற தேதியைப் பார்க்காதீர்கள், இறங்குகிற தேதியைப் பாருங்கள். 18 இரவு 11 மணிக்கு ஏறி கோலாலம்பூரில் மாறினால் பாலியில் இறங்க 19 மதியம் ஆகிவிடும். அங்கே நேரமும் நம்மைவிட இரண்டரை மணி முன்னால். 19 முழுக்க மூடல் என்பதால் 20ஆம் தேதி வரை உங்களைக் கோலாலம்பூரிலேயே உட்காரவைக்கிறது. அதுதான் அந்த 34 மணி.

அரைடிக்கெட், 17 இரவு கிளம்புங்கள். 18 மதியத்துக்குள் இறங்கி நேராக உபுது போய்விடுங்கள். அன்று மாலை ஓகோ-ஓகோ என்கிற பெரிய பூத பொம்மைகளின் ஊர்வலம், சாலைகளை அடைத்துவிடுவார்கள். ஹோட்டலுக்கு இன்றே எழுதி முன்னால் ஒரு இரவு சேர்க்கச் சொல்லுங்கள்.

பஞ்சாங்கம்:
2023 நியெபிக்கு நான் சனூரில் இருந்தேன். சாப்பாட்டை வெளிச்சம் இருக்கும்போதே முடித்துவிட்டார்கள். அறையில் திரையை இழுத்து மூடி, குளியலறை விளக்கை மட்டும் போட்டுக்கொண்டோம். வாசலுக்குப் போனாலே பெச்சலாங் என்கிற ஊர்க்காவலர் கையைக் காட்டி உள்ளே அனுப்புவார். கைப்பேசியில் இணையமும் வராது. ஆனால் திண்ணையில் உட்கார்ந்து பார்த்த அந்த வானம்! அம்மாவின் மாத்திரைகளை முன்பே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பையனுக்கு பிஸ்கட்டும்.

பழையபாஸ்போர்ட்:
இவ்வளவு நீட்டி முழக்க வேண்டாம். நியெபி என்பது நம் பக்கத்து உகாதி. தினசரிக் காலண்டரைக் கிழிக்கிறவனுக்கே தெரியும்.

பஞ்சாங்கம்:
2026இல் ஒரே நாள், சரி. 2024இல் நியெபி மார்ச் 11, உகாதி ஏப்ரல் 9. சில ஆண்டுகளில் கூடுதலாகச் சேர்க்கும் அதிக மாதத்தின் கணக்கு இரண்டு ஊரிலும் ஒன்றல்ல. உங்கள் காலண்டரை நம்பிப் போயிருந்தால் அன்று விமான நிலைய வாசலில்தான் நின்றிருப்பீர்கள்.

பழையபாஸ்போர்ட்:
பொதுவாகச் சொன்னேன். இரண்டும் சக ஆண்டுதானே.

கடலைமிட்டாய்:
இந்திய அரசின் தேசிய நாட்காட்டியும் சக ஆண்டுதான். அது மார்ச் 22இல் பிறக்கிறது. அதற்காக அன்றைக்கு டெல்லியில் விமானத்தை நிறுத்துகிறார்களா?

ஜன்னல்சீட்:
எது எப்படியோ, நமக்குப் புத்தாண்டு தை முதல் நாள்தான்.

கடலைமிட்டாய்:
சித்திரை.

ஏழுகிலோ:
ஐயா, அந்தச் சண்டை இங்கே வேண்டாம். பாவம், அவர் டிக்கெட் போட வந்தவர்.

அரைடிக்கெட்:
17 இரவு கிடைத்தது, போட்டுவிட்டேன். அனைவருக்கும் நன்றி.

பஞ்சாங்கம்:
நல்லது. ஹோட்டலில் 18 இரவுக்கு அறை கொடுத்தார்களா?

ஜன்னல்சீட்:
குக்கீயை அழித்துவிட்டுத்தானே போட்டீர்கள்?

ஜாவாவாசி:
இதே வாரம் நாங்களும் போகிறோம். ஆனால் ஜாவாவிலிருந்து படகில். 19 காலை கெதாபாங்கில் ஏறினால் பிரச்சினை இல்லையே? விமானம் இல்லையே இது.

பழையபாஸ்போர்ட்:
படகும் கிடையாது. மேலே படியுங்கள்.