பச்சைக் காய்கறி: மென்று சாப்பிடுவதா, மிக்ஸியில் அடித்துக் குடிப்பதா?

தாமிரபரணி_கரை:
அப்பாவுக்கு வயது 67. கீழ்க் கடைவாய்ப் பற்களை இரண்டு பக்கமும் எடுத்தாச்சு, பல்செட் இன்னும் கட்டவில்லை. அதனால் ஒரு கேரட், அரை வெள்ளரிக்காய், ஒரு ஆப்பிள், ஒரு பிடி பாலக் கீரை எல்லாவற்றையும் பச்சையாக மிக்ஸியில் அடித்து, வடிகட்டி, தினமும் காலையில் வெறும் வயிற்றில் 400 மி.லி. கொடுக்கிறோம். கொஞ்ச நேரத்தில் வயிறு உப்பிக்கொள்கிறது, தொடர்ந்து ஏப்பம் வருகிறது. எச்சில் கலக்காததால் செரிக்கவில்லை என்கிறார்கள். மிக்ஸி பிளேடு நார்ச்சத்தை அழித்துவிடும் என்றும் சொல்கிறார்கள். எது சரி? சர்க்கரை நோய் இல்லை, பிபி மாத்திரை சாப்பிடுகிறார்.

சமையல்_சத்து:
இரண்டுமே சரியில்லை. எச்சிலில் உள்ள அமைலேஸ் என்ற நொதி மாவுச்சத்தைத்தான் உடைக்கும். நீங்கள் சொன்ன நாலிலும் மாவுச்சத்து மிகக் குறைவு. மாவுச்சத்து இருந்தாலும், செரிக்கும் வேலையில் பெரும்பங்கைச் சிறுகுடலில் கணைய நீர் பார்த்துக்கொள்ளும்.

மெல்லுவதால் கிடைக்கும் பெரிய லாபம், காயின் செல்சுவர் உடைவதுதான். அந்தச் சுவரைக் கரைக்கும் நொதி மனிதக் குடலில் சுரப்பதில்லை. சுவர் உடையாவிட்டால் உள்ளே இருக்கும் சத்து அப்படியே பெருங்குடலுக்குப் போய்விடும். 2002-இல் வெளியான ஸ்வீடன் ஆய்வு ஒன்றில், வயிறு, குடல் போன்ற சூழலை ஆய்வுக்கூடத்தில் உண்டாக்கிக் கேரட்டைச் சோதித்தார்கள். பச்சைத் துண்டுகளிலிருந்து வெளிவந்த பீட்டா கரோட்டின் (உடம்பில் வைட்டமின் ஏ ஆக மாறும் சத்து) 3%தான். பச்சையாகக் கூழாக்கியபோது 21%, கூழை வேகவைத்தபோது 27%, அதில் எண்ணெயும் சேர்த்தபோது 39%. ஆக, கடைவாய்ப் பல் இல்லாதவருக்கு மிக்ஸி நல்ல உதவிதான்.

பிளேடு நாரைத் துண்டாக்கும், அழிக்காது. நாரை நிஜமாகவே இழப்பது வடிகட்டும்போதுதான். வடிகட்டியில் தங்குகிற சக்கையில் நாரோடு கரோட்டினும் சேர்ந்து போகிறது. முதலில் வடிகட்டுவதை நிறுத்துங்கள்.

குடல்நலம்:
உப்புசத்துக்கு வருகிறேன். எனக்குப் படுகிற காரணம் வேகமும் ஆப்பிளும். 1977-இல் இங்கிலாந்தில் நடந்த ஒரு சோதனையில் ஒரே அளவு ஆப்பிளை முழுசாகவும் கூழாகவும் சாறாகவும் கொடுத்துப் பார்த்தார்கள். முழுப் பழத்துக்குச் சுமார் 17 நிமிடம், கூழுக்கு 6, சாறுக்கு ஒன்றரை நிமிடம் பிடித்தது. வயிறு நிறைந்த உணர்வும் அதே வரிசையில் குறைந்தது. 400 மி.லி.யை மடமடவென்று குடித்தால் நுரையில் இருக்கும் காற்றும் சேர்ந்து உள்ளே போகும், ஏப்பம் அதனால்தான். ஆப்பிளில் ஃப்ரக்டோஸ், சார்பிட்டால் என்ற இனிப்புப் பொருள்கள் அதிகம். பலருக்கு இவை சிறுகுடலில் முழுதாக உறிஞ்சப்படாமல் பெருங்குடலில் புளித்து வாயுவாகும்.

அளவை 200 மி.லி. ஆக்குங்கள். ஆப்பிளுக்குப் பதில் நன்றாகப் பழுத்த பப்பாளி இரண்டு துண்டு. விட்டு விட்டு அடித்து, நுரை அடங்க ஐந்து நிமிடம் வையுங்கள். ஸ்ட்ரா வேண்டாம். கரண்டியால் பத்துப் பதினைந்து நிமிடம் எடுத்துச் சாப்பிடட்டும், அதுவும் காலை உணவோடு. அடித்ததை ஃபிரிட்ஜில் வைத்து மாலையில் கொடுக்க வேண்டாம், வைட்டமின் சி காற்றுப் பட்டுக் குறைந்துகொண்டே போகும்.

இன்னும் நல்ல வழி கோசுமல்லி. கேரட்டையும் விதை நீக்கிய வெள்ளரியையும் துருவியின் சின்னக் கண்ணில் துருவி, ஒரு மேசைக்கரண்டி தேங்காய்த் துருவல், ஒரு தேக்கரண்டி எண்ணெயில் கடுகு தாளிப்பு. கரோட்டின் உறிஞ்சப்படக் கொழுப்பு வேண்டும், அது இதிலேயே கிடைத்துவிடுகிறது. உப்பைப் பரிமாறும்போது போடுங்கள், முன்னாலேயே போட்டால் வெள்ளரி நீர் விட்டுவிடும். இதில் வழக்கமாகப் போடும் ஊறவைத்த பாசிப்பருப்பு கடைவாய்ப் பல் இல்லாமல் மசியாது. மலர வேகவைத்துச் சேர்க்கலாம்.

கீரைக்கட்டு:
பாலக்கைப் பற்றி யாரும் சொல்லவில்லையே! அதில் ஆக்சலேட் (கால்சியத்தோடு சேர்ந்து கல்லாகும் பொருள்) மிக அதிகம். தினமும் பச்சையாகக் குடித்தால் சிறுநீரகக் கல் வரும் ஆபத்து உண்டு, சிறுநீரகமே பாதிக்கப்பட்டவர்களும் இருக்கிறார்கள். கேரளத்தில் இரும்பன்புளி என்ற புளிப்புக் காயின் சாற்றை நிறையக் குடித்துச் சிறுநீரகம் செயலிழந்தவர்களைப் பற்றி 2013-இல் மருத்துவக் கட்டுரையே வந்தது, அங்கும் காரணம் ஆக்சலேட்தான். நிறையத் தண்ணீரில் வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டினால் கணிசமாகக் குறையும். மிக்ஸியில் அடிப்பதால் துளியும் குறையாது.

சுரைக்காய்ச் சாறு குடிக்கச் சொல்லி யாராவது வந்தால் கூடுதல் கவனம். கசக்கும் சுரைக்காயில் குக்குர்பிடசின் என்ற நச்சு இருக்கும். கடும் வாந்தி, ரத்த வாந்தி, உயிரிழப்பு வரை போயிருக்கிறது. அடிக்கும் முன் ஒரு சின்னத் துண்டை வாயில் வைத்துப் பாருங்கள். லேசாகக் கசந்தாலும் முழுக் காயையும் எறிந்துவிடுங்கள். மற்ற பழங்களோடு சேர்த்து அடித்தால் அந்தக் கசப்பு தெரியாமல் போய்விடும், அதுதான் பயம்.

தாமிரபரணி_கரை:
மிக்க நன்றி. வாழைப்பழம் சேர்க்கலாமா? 32 தடவை மெல்ல வேண்டும் என்பது உண்மையா?

சமையல்_சத்து:
32-க்குக் கணக்கு எதுவும் இல்லை. நாக்கில் கட்டி எதுவும் தட்டுப்படாமல் மசியும் வரை மெல்லட்டும். பப்பாளிக்கு நாலைந்து மெல்லல் போதும், வேர்க்கடலைக்கு நாற்பதும் போதாமல் போகலாம். அமெரிக்காவில் 1980-இல் வந்த ஆய்வில், முழு வேர்க்கடலை சாப்பிட்டவர்களுக்கு உண்ட கொழுப்பில் சுமார் 18% மலத்தில் போய்விட்டது, அரைத்த வெண்ணெயாகச் சாப்பிட்டபோது 7%தான். அப்பாவுக்குக் கடலையைப் பொடித்தே கொடுங்கள்.

வாழைப்பழம் செரிமானத்துக்கு நல்லதுதான். ஆனால் திராட்சை, பெர்ரி வகைகளோடு சேர்த்து அடிக்காதீர்கள், வாழைப்பழத்திலுள்ள நொதி அவற்றின் ஃபிளவனால் என்ற தாவரச் சத்துகளைச் சிதைத்துவிடும். தனியாகக் கொடுங்கள்.

பிபி மாத்திரை டெல்மிசார்டன், லோசார்டன் வகையா என்று அட்டையைப் பாருங்கள். அவை உடம்பில் பொட்டாசியத்தை ஏற்றும், பழக்கூழிலும் பொட்டாசியம் அதிகம். ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் அளவு) கூடுதலாக இருந்தால் தினசரி அளவை டாக்டரிடம் கேட்ட பிறகே முடிவு செய்யுங்கள்.