இன்ஜினியர் பிளானுக்குள் நடந்து பார்த்தோம்

திண்டுக்கல் பக்கம் 30க்கு 40 மனையில் வீடு கட்ட முடிவானதும், எந்த மென்பொருளைப் பழகலாம் என்று நிறையப் பேரிடம் விசாரித்தேன். ஆட்டோகேட் கற்றுக்கொள் என்றார்கள். அது இன்ஜினியருக்கு வேண்டியது. கட்டில் எங்கே வரும், அலமாரிக் கதவு திறக்குமா, அடுப்படியில் நின்றால் வாசல் தெரியுமா என்பதெல்லாம்தான் நமக்குத் தெரிய வேண்டும். அதற்கு, வீட்டை வரைந்து முப்பரிமாணத்தில் உள்ளே நடந்து பார்க்க உதவும் ஸ்வீட் ஹோம் 3டி என்ற மென்பொருள் போதும் என்று உறுதியாகச் சொல்வேன். இலவசம், எங்கள் பழைய லேப்டாப்பிலும் ஓடியது.

இன்ஜினியர் தந்த பிளானைப் படமாக உள்ளே ஏற்றி, அதில் தெரிந்த ஒரு நீளத்தைக் காட்டி அளவைக் கொடுத்துவிட்டால், அதன் மேலேயே சுவர்களை வரையலாம். சுவர் கனத்தை 9 அங்குலம் என்று மாற்றிக்கொண்டேன். அப்போதுதான் விஷயம் தெரிந்தது. பிளானில் படுக்கையறை 10க்கு 10. ஆனால் அது ஒரு சுவரின் நடுவிலிருந்து எதிர்ச்சுவரின் நடு வரைக்கும் எடுத்த அளவு. உள்ளே கிடைப்பது 9 அடி 3 அங்குலம்தான். ஆறரை அடிக் கட்டிலைப் போட்டு, கால்மாட்டுச் சுவரை ஒட்டி 2 அடி ஆழ அலமாரி வைத்தால் மிச்சம் 9 அங்குலம். கதவைத் திறந்து ஒரு புடவை எடுக்க முடியாது. படத்தைக் காட்டியதும் இன்ஜினியர் உடனே புரிந்துகொண்டு, ஹாலில் ஒன்றரை அடி குறைத்து அறையை நீட்டித் தந்தார். கடைக்கால் தோண்டுவதற்கு முன்பு என்பதால் ஒரு பைசா கூடுதல் செலவில்லை.

இன்னொரு வசதியைப் பலர் கவனிப்பதில்லை. வடக்குத் திசையையும் ஊர் இருக்கும் இடத்தையும் கொடுத்தால், எந்தத் தேதியில் எத்தனை மணிக்கு வெயில் எங்கே விழும் என்று படம் எடுத்துத் தரும். மே மாதம், மாலை 4 மணி என்று வைத்துப் பார்த்தோம். மேற்கு ஜன்னல் வழியாகக் கட்டில் மேலேயே வெயில். "இதுல யாரும்மா படுக்கிறது?" என்று அம்மா கேட்டார். ஜன்னல் தெற்குச் சுவருக்குப் போனது. பிளான் தாளை வைத்து இதை அம்மாவிடம் பேசவே முடிந்திருக்காது. தாளில் அவருக்குக் கோடுகள்தான் தெரியும்.

சரி, குறைகளும் உண்டு. மாடிப்படியை நம் இஷ்டத்துக்கு வடிவமைப்பது கஷ்டம். படிக்கட்டுக்கும் எலிவேஷனுக்கும், அதாவது வீட்டின் வெளிமுகப்புக்கும், ஸ்கெட்ச்அப் என்ற இன்னொரு மென்பொருள் நல்லது. அதன் இலவசப் பதிப்பு பிரவுசரிலேயே வேலை செய்யும், பழகத்தான் கொஞ்சம் நாளாகும்.

கட்டட அனுமதிக்கு இந்தப் படங்கள் உதவாது. தமிழ்நாட்டில் 2024இல் வந்த சுயசான்று முறையில், அதாவது விதிப்படி கட்டுவதாக நாமே உறுதி தந்து ஆன்லைனில் அனுமதி வாங்கும் முறையில், 2,500 சதுர அடி வரையான மனையில் 3,500 சதுர அடி வரை கட்டலாம். எங்கள் வீடு அதற்குள் வந்துவிட்டது. அதற்கான வரைபடத்தை இன்ஜினியர்தான் ஆட்டோகேடில் போட்டார்.

அடுத்து மாடி எடுக்கப் போகிறோம். வளைவுப் படிக்கட்டை ஸ்கெட்ச்அப்பில் வரைந்து, அந்த அளவை அப்படியே மேஸ்திரியிடம் கொடுத்துக் கட்டியவர்கள் இருந்தால் எழுதுங்கள்.