விளையாட்டு வீரர்களே வாரச் செய்திகளை விவாதிக்கும் வானொலி நிகழ்ச்சி: வாதம் ஏன் சூடு பிடிக்கவில்லை?

பண்பலைப்பித்தன் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். சிறிய வானொலி நிலையம் ஒன்றில் வாரத்திற்கு ஒருமுறை ஒரு மணி நேர நிகழ்ச்சியைத் தயாரித்து, நெறியாளராகவும் நானே இருந்து நடத்தி வருகிறேன். அந்த வாரத்து விளையாட்டுச் செய்திகளில் நான்கைத் தேர்ந்தெடுத்து, களத்தில் ஆடி ஓய்வுபெற்ற மூன்று பேரை அவற்றைப் பற்றி வாதிட வைப்பதுதான் நிகழ்ச்சியின் அமைப்பு. ஒருவர் வேகப்பந்து வீச்சாளர், இன்னொருவர் கால்பந்தில் கோல்கீப்பர், மூன்றாமவர் மல்யுத்த வீராங்கனை. மற்றவர்கள் பேசித் தேய்ந்துபோன செய்தியையும், ஆடிப் பார்த்தவர்கள் பேசினால் புதிதாகக் கேட்கும் என்று நம்பித்தான் தொடங்கினேன்.

ஆறு வாரம் ஒலிபரப்பான பிறகு எல்லாப் பதிவுகளையும் ஒரே மூச்சில் கேட்டேன். இரண்டு குறைகள் காதில் அறைந்தன. பெரும்பாலான தலைப்புகளில் மூவரும் “அவரவர் கோணத்தில் அவரவர் சொல்வது சரிதான்” என்று இரண்டு நிமிடத்தில் கைகுலுக்கிக்கொள்கிறார்கள். எப்போதாவது சூடு பிடித்தாலோ மூன்று குரல்களும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து, யார் எதைச் சொன்னார் என்றே தெரியாமல் போகிறது. பந்து வீசப்படும் முன்பே கோட்டைத் தாண்டிய எதிர்முனை மட்டையாளரை ரன் அவுட் செய்யும் விவகாரத்தை ஒரு வாரம் எடுத்தோம். சட்டப்படி சரி என்று பந்துவீச்சாளர் சொன்னார், ஆட்டத்தின் பண்புக்கு அழகில்லை என்று மற்ற இருவரும் சொன்னார்கள், அத்துடன் முடிந்தது. மிச்சம் ஒன்பது நிமிடங்களை நானே பேசி நிரப்பினேன். அதைத் திரும்பக் கேட்டபோது எனக்கே கூச்சமாக இருந்தது.

ஆட்களை மாற்ற வேண்டுமா, பத்திரிகையாளர் ஒருவரைச் சேர்க்க வேண்டுமா, அல்லது மதிப்பெண் போட்டு நடத்தினால் வாதம் வளருமா? அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

ஆறாம்தடம்

நான் தடை தாண்டும் ஓட்டத்தில் பதினோரு ஆண்டுகள் ஓடியவள். ஓய்வுக்குப் பிறகு ஏறத்தாழ இதே மாதிரியான நிகழ்ச்சி ஒன்றில் இரண்டு ஆண்டுகள் உட்கார்ந்தவள். அந்த நாற்காலியிலிருந்து பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: ஆட்களை மாற்ற வேண்டாம், கேள்வியை மாற்றுங்கள்.

“இது நியாயமா?” என்று கேட்டால் நாங்கள் எல்லோருமே நல்லவர்களாகிவிடுவோம். பயிற்சியாளர், தேர்வுக் குழு, சங்கம், விளம்பரதாரர் என்று யாரையும் பகைத்துக்கொள்ளாமல் பேசுவதை ஓடப் பழகிய காலத்திலேயே சேர்த்துப் பழகியவர்கள் நாங்கள். ஓய்வு பெற்றதும் அது உதிர்ந்துவிடுவதில்லை. “அந்தக் கணத்தில் உங்கள் உடம்பு என்ன செய்தது?” என்று கேட்டுப் பாருங்கள். அதற்குத் தயாராக வைத்திருக்கும் பதில் எங்களிடம் கிடையாது.

2022 ஜூலையில் யூஜீன் நகரில் நடந்த உலகத் தடகளப் போட்டியில், 110 மீட்டர் தடை தாண்டும் ஓட்டத்தின் இறுதிச் சுற்றிலிருந்து அமெரிக்க வீரர் டெவான் ஆலன் வெளியேற்றப்பட்டார். தொடக்கத் துப்பாக்கியின் வெடியோசைக்குப் பிறகு 0.100 நொடிக்குள் கால் அசைந்தால் அது தவறான தொடக்கம். அவருடைய அளவு 0.099. அந்த வாரம் எங்கள் நெறியாளர், “ஆயிரத்தில் ஒரு பங்கு நொடிக்காக ஒருவரை வெளியேற்றலாமா?” என்று கேட்டார். மூவரும் பரிதாபப்பட்டோம், தலைப்பு அங்கேயே தீர்ந்துவிட்டது. அப்போது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த தயாரிப்பாளர் ஒரு தாளைத் தூக்கிக் காட்டினார். அதில், “வெடிக்கு முன் என்ன கேட்கும்?” என்று மட்டும் எழுதியிருந்தது.

நான் யோசிக்காமல் பேசத் தொடங்கினேன். தொடக்க அதிகாரி “செட்” (தயார்) என்றதும் இடுப்பு உயரும். உடம்பின் பாரம் விரல் நுனிகளுக்கு வரும். பக்கத்துத் தடத்தில் இருப்பவரின் காலணி முள், கால் ஊன்றும் தொடக்கக் கட்டையில் உரசும் கீச்சொலிகூடக் கேட்கும். எட்டுப் பேருக்கும் வெடியோசை ஒரே நேரத்தில் எட்ட வேண்டும் என்பதற்காக ஒவ்வொரு கட்டைக்குப் பின்னாலும் ஒலிபெருக்கி வைத்திருப்பார்கள். ஆனால் நான் அதற்காகக் காத்திருந்ததாகச் சொன்னால் அது முழு உண்மை ஆகாது. “செட்”டுக்கும் வெடிக்கும் நடுவில் அந்தத் தொடக்க அதிகாரி எவ்வளவு நேரம் விடுகிறார் என்பதை முந்தைய சுற்றுகளிலேயே மனத்துக்குள் அளந்து வைத்திருப்பேன். இதைச் சொல்லி முடிப்பதற்குள், பக்கத்தில் இருந்த நீச்சல் வீரர் குறுக்கே புகுந்து, “அப்படியென்றால் நீங்கள் கேட்டு ஓடவில்லை, ஊகித்து ஓடுகிறீர்கள், அந்த விதியே உங்களைப் போன்றவர்களுக்காகத்தானே?” என்றார். எனக்குச் சுருக்கென்றது. அடுத்த பன்னிரண்டு நிமிடங்களுக்கு நெறியாளருக்கு வேலையே இல்லை.

உங்களிடம் மல்யுத்த வீராங்கனை இருக்கிறார். அது கையில் இருக்கும் புதையல். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 50 கிலோ பிரிவின் இறுதிக்குச் சென்ற வினேஷ் போகாட், இறுதி நாள் காலையில் எடை சுமார் 100 கிராம் கூடுதலாக இருந்ததால் தகுதி இழந்தார் அல்லவா? அதைப் பற்றி உலகமே தீர்ப்புச் சொல்லியாயிற்று. முதல் நாள் எடை பார்த்து, மூன்று பேருடன் மோதி, குடித்த தண்ணீரும் உண்ட உணவும் உடம்பில் இருக்கும்போதே மறுநாள் காலை மீண்டும் எடைமேடை ஏறுவதற்கு இடையில் அந்த இரவு எப்படிக் கழியும் என்பதை, அப்படி ஓர் இரவைக் கழித்தவரால்தான் சொல்ல முடியும். அவருக்கு எதிரே ஒரு பளுதூக்கும் வீரரை உட்கார வையுங்கள். அவருக்குப் போட்டி தொடங்க இரண்டு மணி நேரம் இருக்கும்போது ஒரே ஒருமுறைதான் எடை. “விதி எல்லோருக்கும் ஒன்றுதானே” என்று அவர் சொல்லிவிட்டு எப்படித் தப்பிக்கிறார் என்று பார்க்கலாம்.

ரன் அவுட் தலைப்பிலும் நடந்தது இதுதான். பந்துவீச்சாளர் இருந்தார், அவர் மறிக்க வேண்டிய மட்டையாளர் இல்லை. ஆட்களின் குணத்தைப் பார்த்துச் சண்டையை எதிர்பார்க்காதீர்கள்; களத்தில் எதிரெதிராக நின்றவர்களை மேசையிலும் எதிரெதிராக உட்கார வைத்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

பழைய ஒலிப்பதிவாளர்

ஆறாம்தடம் அம்மையார் சொன்னதற்கு மேல் உள்ளடக்கத்தைப் பற்றிச் சொல்ல என்னிடம் அதிகம் இல்லை. குரல்கள் மோதிக்கொள்வதைப் பற்றிச் சொல்கிறேன், அது என் தொழில்.

தொலைக்காட்சியில் மூவர் சேர்ந்து கத்தினாலும் வாயசைவைப் பார்த்து ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். வானொலியில் இருவர் ஒரே நேரத்தில் பேசினாலே இருவரையும் இழந்துவிடுகிறோம். உங்கள் பந்துவீச்சாளரும் கோல்கீப்பரும் ஏறக்குறைய ஒரே கனத்தில் பேசும் ஆண்கள் என்றால், முதல் கால் மணி நேரத்துக்கு நேயருக்கு அவர்கள் இருவரும் ஒருவரே. ஆகவே ஒவ்வொரு முறையும் பேச்சைக் கைமாற்றும்போது பெயரைச் சொல்லி மாற்றுங்கள். சொல்லிச் சொல்லி உங்களுக்கே அலுத்துப்போகும். நடுவில் வந்து சேர்ந்த நேயருக்கு அப்போதுதான் பிடிபடத் தொடங்கும். மூவருக்கும் தனித்தனி மைக், தனித்தனி ஹெட்ஃபோன் கொடுங்கள். தம் குரல் அடுத்தவர் குரலோடு குழம்புவதைக் காதால் கேட்கும் மனிதர் தாமாகவே நிறுத்துவார். ஹெட்ஃபோன் மாட்டாதவர் நிறுத்தவே மாட்டார். பேச விரும்புகிறவர் விரலை உயர்த்தட்டும், நீங்கள் தலையசைத்த பிறகு நுழையட்டும். ஒருவர் பேசும்போது மற்றவர்களின் ஃபேடரை (ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் நகர்த்தியை) முழுக்க மூடிவிடாமல் கொஞ்சம் இறக்கி வைத்தால் போதும். பக்கத்தில் இருப்பவரின் சிரிப்பும் “ம்ஹும்” என்ற மறுப்பும் லேசாகக் கேட்பதுதான் அறைக்கு உயிர்.

விதி நூலின் உரிய பக்கத்தை அச்செடுத்து மேசையில் வைத்திருங்கள். எதிர்முனை ரன் அவுட்டை, கிரிக்கெட் விதிகளை வகுக்கும் எம்.சி.சி. 2022 அக்டோபரில் ‘முறையற்ற ஆட்டம்’ என்ற 41ஆம் விதியிலிருந்து எடுத்து, ரன் அவுட்டுக்கு உரிய 38ஆம் விதியில் சேர்த்தது. இதை நீங்கள் முதலிலேயே படித்துக் காட்டியிருந்தால், ‘ஆட்டத்தின் பண்பு’ என்று சொன்ன இருவரும் அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள முடியாமல், விதியை எழுதியவர்களோடு மோத வேண்டியிருந்திருக்கும்.

மதிப்பெண் முறையைப் பற்றிக் கேட்டீர்கள். பிபிசி ரேடியோ 5 லைவில் 2003 முதல் ஒலிபரப்பான ‘ஃபைட்டிங் டாக்’ நிகழ்ச்சியில் நெறியாளர் பதிலுக்குப் பதில் புள்ளி கொடுப்பார். இறுதிச் சுற்றில், யாராலும் ஆதரிக்க முடியாத ஒரு கூற்றை 20 நொடிகள் ஆதரித்துப் பேச வேண்டும். கேட்கச் சுவையானதுதான். ஆனால் புள்ளி என்று வந்துவிட்டால் நகைச்சுவைக்குத்தான் புள்ளி விழும். உங்கள் மூவரும் வேடிக்கை காட்ட முயன்று தோற்பதைக் கேட்க எனக்கு மனமில்லை.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. ஊக்கமருந்துச் செய்தி வரும் வாரத்தில் நேரலை வேண்டாம், பதிவு செய்து வெட்டுங்கள். முதலில் சோதிக்கும் ‘ஏ’ மாதிரியில் தடைசெய்யப்பட்ட பொருள் தென்பட்டாலும், சரிபார்க்க எடுத்துவைத்த ‘பி’ மாதிரியைச் சோதிக்கக் கோரும் உரிமை வீரருக்கு உண்டு, விசாரணையும் உண்டு. அதற்கு முன்பே பழைய போட்டியாளர் ஒருவர் மைக்கில் “எனக்கு அப்போதே தெரியும்” என்று சொல்லிவிட்டால், வழக்கு அவர்மீது மட்டும் வராது, நிலையத்தின்மீதும் வரும்.

செவிச்செல்வன்

நான் நேயர் மட்டுமே, ஆகையால் சுருக்கமாகச் சொல்கிறேன். 2021 டோக்கியோ ஒலிம்பிக்கில் அமெரிக்க ஜிம்னாஸ்டிக் வீராங்கனை சிமோன் பைல்ஸ், வால்ட் என்னும் மேடை தாண்டும் பிரிவில் இரண்டரைச் சுழற்சிக்குக் கிளம்பி ஒன்றரையோடு இறங்கி, குழுப் போட்டியிலிருந்து விலகியபோது, ஆடாதவர்கள் பலர் அதைக் கோழைத்தனம் என்றார்கள். அந்தரத்தில் தரை எந்தப் பக்கம் என்பதே மறந்துபோகும் நிலை என்ன என்று முன்னாள் ஜிம்னாஸ்டிக் வீராங்கனைகள் விளக்கிய பிறகுதான் எனக்கு விளங்கியது. அந்த அளவில் ஆறாம்தடம் அவர்கள் சொல்வதை முழுமையாக ஏற்கிறேன்.

ஆனால் எல்லாச் செய்தியும் உடம்பைப் பற்றியது அன்று. சங்கத்தின் பணம் எங்கே போனது, தேர்வில் யாருக்கு யார் வேண்டியவர், பயிற்சியாளர்மீது எழுந்த புகார் என்ன ஆனது என்று வரும்போது, முன்னாள் வீரர்களின் குரல் சட்டென்று தாழ்வதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். அவர்களில் பலர் அதே சங்கத்திடம் ஊதியமோ பதவியோ பெறுகிறவர்கள். அத்தகைய தலைப்புகளுக்குப் பத்திரிகையாளர் ஒருவர் இருந்தே ஆக வேண்டும். பேசுகிறவருக்கும் பேசப்படுகிறவருக்கும் உள்ள தொடர்பை நிகழ்ச்சியின் தொடக்கத்திலேயே நெறியாளர் சொல்லிவிட வேண்டும். கடைசியில் சொன்னால் மறைத்துவைத்துச் சொன்னது போலிருக்கும்.

பண்பலைப்பித்தன்

மூவருக்கும் மிக்க நன்றி. நான்கு தலைப்புகளில் மூன்றை வீரர்களுக்கும், நிர்வாகம் சார்ந்த ஒன்றைப் பத்திரிகையாளரோடு சேர்த்தும் வைத்துப் பார்க்கிறேன். மூன்றாவது ஹெட்ஃபோனை இன்றே தேட வேண்டும்; இதுவரை கோல்கீப்பர் வெறுங்காதோடுதான் உட்கார்ந்திருந்தார், அதிகம் குறுக்கிட்டவரும் அவர்தான் என்பது இப்போது உறைக்கிறது. ஒரே ஓர் ஐயம்: கேள்விகளை அவர்களுக்கு முன்கூட்டியே அனுப்பலாமா?

ஆறாம்தடம்

தலைப்பையும், செய்தியின் விவரங்களையும், விதியின் வாசகத்தையும் முந்தின நாளே அனுப்பிவிடுங்கள். தெரியாமல் உளறிவிடுவோமோ என்ற அச்சம் இருந்தால் எங்களில் யாரும் வாய் திறக்க மாட்டோம். கேள்வியை மட்டும் உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் நெறியாளர் ஒருமுறை இரக்கப்பட்டுக் கேள்விகளையும் அனுப்பினார். நான் நான்கு பதில்களைச் சிறு அட்டையில் எழுதி எடுத்துக்கொண்டு போனேன். முதல் பதிலை நான் படிக்கத் தொடங்கியதும் அவர் கை நீட்டி அந்த அட்டையை வாங்கித் தம் தண்ணீர்க் குவளைக்கு அடியில் வைத்துக்கொண்டார். மைக் திறந்திருந்ததால் என்னால் கேட்டு வாங்கவும் முடியவில்லை.