ஒரே வீடு, இரண்டு வார்டு: எங்கே மனு கொடுப்பது?

வணக்கம். திருவொற்றியூர் காலடிப்பேட்டையில் இருக்கிறோம். ஒரே வீடு, ஒரே ரேஷன் கார்டு. ஆனால் 2022 பிப்ரவரி 19 மாநகராட்சித் தேர்தலில் அம்மாவுக்கு ஒரு வார்டு, எனக்குப் பக்கத்து வார்டு.

2011 விரிவாக்கத்துக்கு முன்பு திருவொற்றியூர் தனி நகராட்சி. சென்னையோடு சேர்த்து 155 வார்டு 200 ஆனபோதும் எங்களுக்குக் குழப்பம் இல்லை. அதற்குப் பிறகு எல்லையை மாற்றியதில்தான் கோடு எங்கள் தெரு நடுவே போய்விட்டது. தண்ணீர் லாரி நிற்கிற பக்கம் ஒன்று, எதிர்ப்பக்கம் இன்னொன்று. வீடு எந்தப் பக்கமும் நகரவில்லை, என் பெயர் மட்டும் சாலையைக் கடந்துவிட்டது!

செய்து பார்த்தவை: ஆன்லைனில் வாக்காளர் பட்டியல் திருத்தத்துக்கான படிவம் 8 போட்டேன். ஏற்றுக்கொண்டார்கள், சட்டமன்றப் பட்டியலில் கதவு எண் சரியாகிவிட்டது, வார்டு மாறவில்லை. வாக்குச்சாவடி நிலை அலுவலரைக் கேட்டால் "சட்டமன்றம்தான் சார் என் வேலை" என்கிறார். அப்புறம் சொத்துவரி ரசீதோடு ஓர் அலுவலகத்துக்கு இரண்டு முறை போனேன். ரசீதில் அம்மாவின் வார்டுதான் இருக்கிறது. வாங்கிப் பார்த்துவிட்டு, தேர்தல் அறிவித்ததும் வரச் சொன்னார்கள். அப்போது நேரம் இருக்குமா என்று எனக்கு நம்பிக்கை இல்லை. இந்த மாநகராட்சி மன்றத்தின் ஐந்தாண்டு 2027 தொடக்கத்தில் முடிகிறது.

சட்டமன்றப் பட்டியலைப் பிரித்துத்தான் வார்டு பட்டியல் தயாரிக்கிறார்கள் என்று தெரியும். அப்படிப் பிரிக்கும்போது தவறான வார்டில் விழுந்த பெயரை மாற்ற எந்த அதிகாரியிடம், எந்தப் படிவத்தில் மனு கொடுக்க வேண்டும்? செய்து முடித்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.