அவசரம்: ரேம் வேகத்தை ஏற்றியதிலிருந்து நீலத் திரை

வேளச்சேரி_வாசி · ஞாயிறு இரவு 11:48
நானே அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர். நேற்று வரை நன்றாகத்தான் ஓடியது. 3200 என்று சொல்லி விற்ற ரேம், சிபியு-இசட் என்ற, கம்ப்யூட்டர் விவரம் காட்டும் சாஃப்ட்வேரில் 1600 என்றுதான் காட்டுகிறது. கடையில் ஏமாற்றிவிட்டார்கள் போல. சரி, நாமே ஏற்றிக்கொள்வோம் என்று பயாஸில் (கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது திறக்கும் செட்டிங்ஸ்) 3600 வைத்தேன். அதிலிருந்து கேம் திறந்தால் பத்து நிமிடத்தில் நீலத் திரை. சில சமயம் குரோம் திறந்தாலே போதும். காலையில் ப்ராஜெக்ட் கொடுக்க வேண்டும். யாராவது சொல்லுங்கள்.

ராயபுரம்_ரேம் · 11:55
ப்ராசஸர் என்ன, போர்டு என்ன, எத்தனை ஸ்டிக், எந்த ஸ்லாட், திரையில் என்ன எழுதி வருகிறது? பிறந்த நேரம் சொல்லாமல் ஜாதகம் கணிக்கச் சொல்கிறீர்களே தம்பி.

கேபினெட்_கந்தன் · 11:58
இது பின் பிரச்சினை. ரேமைக் கழற்றி, பென்சில் அழிக்கும் ரப்பரால் பின்னைத் தேய்த்துப் போடுங்கள். என் வீடு பெசன்ட் நகர். உப்புக் காற்றில் பின் கறுத்துப்போகும். தேய்த்தால் அன்றைக்கே சரியாகிவிடும்.

மூத்த_போர்டு · திங்கள் 12:04
இதை எத்தனையாவது முறை எழுதுகிறேனோ. டிடிஆர் என்றாலே டபுள் டேட்டா ரேட். ஒரு துடிப்புக்கு இரண்டு முறை தரவு போகும். 1600 மெகாஹெர்ட்ஸ் காட்டினால் அதுதான் உங்கள் 3200. கடைக்காரர் ஏமாற்றவில்லை, நீங்களே உங்களை ஏமாற்றிக்கொண்டீர்கள். மேலே தேடும் பெட்டி ஒன்று இருக்கிறது, சும்மா அழகுக்கு வைக்கவில்லை.

கத்திரி_வெயில் · 12:07
வேளச்சேரி என்றால் வோல்டேஜ்தான். ஏசி கம்ப்ரசர் ஓட ஆரம்பிக்கும்போது லைட் மங்குகிறதா பாருங்கள். யுபிஎஸ் இருக்கிறதா?

வேளச்சேரி_வாசி · 12:11
சாரி சார், தெரியாமல் செய்துவிட்டேன். ரைசன் 5 5600, பி450 போர்டு. மெமரி மேனேஜ்மென்ட் என்று வருகிறது. நான்கு ஸ்லாட்டிலும் ரேம் இருக்கிறது. யுபிஎஸ் இல்லை.

ராயபுரம்_ரேம் · 12:12
நான்கிலுமா? நான்கும் ஒரே செட்டா?

வேளச்சேரி_வாசி · 12:15
இல்லை அண்ணா. இரண்டு பழையது, 8 ஜிபி. நேற்று ரிச்சி தெருவில் இன்னும் இரண்டு 8 ஜிபி செகண்ட் ஹேண்டில் வாங்கிப் போட்டேன், வேறு கம்பெனி. அது முக்கியமா?

மூத்த_போர்டு · 12:16
முக்கியமா என்று கேட்கிறார்.

ராயபுரம்_ரேம் · 12:29
விடுங்கள் சார், சின்னப் பையன்.

தம்பி, முதலில் காலை வேலையைப் பார்ப்போம். புது ஸ்டிக் இரண்டையும் கழற்றுங்கள். பழையது இரண்டும் ப்ராசஸர் பக்கமிருந்து எண்ணினால் இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில் இருக்கட்டும். அழுத்தும்போது கிளிப் 'டக்' என்று விழ வேண்டும். ஒரு ஓரம் தூக்கிக்கொண்டு நின்றாலும் இதே கூத்துதான். பயாஸில் எல்லாவற்றையும் ஆட்டோவுக்கு மாற்றுங்கள். பயாஸே வரவில்லை என்றால், பவர் ஒயரைப் பிடுங்கிவிட்டு, போர்டில் நாணயம் மாதிரி இருக்கும் 2032 பேட்டரியை ஐந்து நிமிடம் எடுத்துவைத்துத் திரும்பப் போடுங்கள். அதற்கு முன்னால் ப்ராஜெக்டை எங்கும் காப்பி செய்யாதீர்கள். ரேம் தடுமாறும்போது ஃபைலும் சத்தமில்லாமல் கெடும்.

இந்த ப்ராசஸருக்கு ஏஎம்டி சொல்லும் கணக்கு, இரண்டு ஸ்டிக் என்றால் 3200. நான்கு என்றால் சிங்கிள் ரேங்கில் (ஸ்டிக்கில் ஒரே சிப் தொகுதி) 2933, டுயல் ரேங்கில் (இரண்டு தொகுதி) 2667. அதற்கு மேல் ஓடினால் அதிர்ஷ்டம். நீங்களோ இரண்டு வேறு செட்டைக் கலந்து 3600 கேட்கிறீர்கள். அப்புறம் நேரம் கிடைக்கும்போது, ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86-ஐ பென் டிரைவில் போட்டு, ஒவ்வொரு ஸ்டிக்காகச் சோதியுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்த ஸ்டிக் வேண்டாம்.

கேபினெட்_கந்தன் · 12:33
எக்ஸ்எம்பியை, அதாவது ரேமிலேயே பதிந்து வரும் வேக செட்டிங்கை, பயாஸில் போட்டால் போதுமே. அது ஓவர்க்ளாக்கே (தர அளவுக்கு மேல் வேகம் ஏற்றுவது) இல்லை, கம்பெனியே போட்டுத் தருவது.

மூத்த_போர்டு · 12:36
இன்டெலும் ஏஎம்டியும் அதை ஓவர்க்ளாக் என்றுதான் எழுதுகின்றன. டிடிஆர்4-இன் தர அளவு 1.2 வோல்ட். எக்ஸ்எம்பி போட்டதும் பெரும்பாலும் 1.35 ஆகிறதே, அது எங்கிருந்து வந்தது?

கேபினெட்_கந்தன் · 12:38
அப்போது அட்டையில் 3600 என்று அச்சடித்து விற்பதெல்லாம் பொய்யா?

மூத்த_போர்டு · 12:40
ஸ்கூட்டர் மீட்டரில் 120 என்று போட்டிருக்கிறது. ஓஎம்ஆரில் ஓட்டிக் காட்டுங்கள்.

கேபினெட்_கந்தன் · 12:41
ஓஎம்ஆரில் மெட்ரோ வேலையில் 20-க்கே வழியில்லை. உதாரணமாவது ஒழுங்காகச் சொல்லுங்கள்.

கத்திரி_வெயில் · 12:45
யுபிஎஸ் இல்லை என்று அவரே சொல்லிவிட்டார். யாரும் கவனிக்கவில்லை.

ராயபுரம்_ரேம் · 12:47
வோல்டேஜ் விழுந்தால் மெஷின் மொத்தமாக அணையும், இல்லை ரீஸ்டார்ட் ஆகும். குரோம் திறந்தால் மட்டும் நீலத் திரை காட்டிவிட்டு நிற்காது.

கத்திரி_வெயில் · 12:50
என் வீட்டில் காட்டியது.

வேளச்சேரி_வாசி · புதன் மாலை 6:20
ப்ராஜெக்ட் கொடுத்தாச்சு. நான்கு ரேமும் தனித்தனியாகப் பிழையில்லை. சேர்த்துப் போட்டு 3200 வைத்தால், மெம்டெஸ்டில் அரை மணியில் திரை முழுக்கச் சிவப்பாகப் பிழைகள். 2933-இல் ஓடுகிறது. ரப்பர் தேய்த்ததில் ஒரு துகள் ஸ்லாட்டுக்குள் விழுந்து, அதைப் பல் துலக்கும் பிரஷ்ஷால் எடுக்க ஒரு மணி நேரம் ஆனது. நன்றி அண்ணா.

மூத்த_போர்டு · 6:31
2933-இல் மெம்டெஸ்ட் நான்கு பாஸும் (முழுச் சுற்றும்) முடிந்ததா, அல்லது கேம் ஓடுகிறது என்று நிறுத்திவிட்டீர்களா?

மூத்த_போர்டு · வியாழன் காலை 10:02
?

கத்திரி_வெயில் · 10:15
யுபிஎஸ் வாங்கினீர்களா?