புதுப்பிப்பு: அறச்சலூர் இசைக் கல்வெட்டைப் பார்த்துவிட்டோம்

ஈரோட்டுப் பக்கம் கூட்டம் எட்டிப்பார்க்காத இடம் ஏதாவது உண்டா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. இசை, தாள எழுத்துகளை வெட்டிய பழங்கல்வெட்டு உள்ள அறச்சலூர் நாகமலைக் குகையைச் சொன்னவரின் யோசனைதான் கைகொடுத்தது.

காங்கேயம் சாலையில் அறச்சலூரில் இறங்கினோம். ஆடு மேய்த்த பெரியவர் கோலை நீட்டி வழி காட்டினார். பாறையில் முதலில் வெறும் கீறல்கள்தான். டார்ச்சைச் சாய்த்துப் பிடிக்கச் சொன்ன அன்பர் வாழ்க! நிழல் விழுந்ததும் எழுத்து எழுந்து நின்றது. ‘த தை தா தை த’ என்று தொடங்கும் ஐந்து வரிகள், வரிக்கு ஐந்து எழுத்துகள். இடமிருந்து வலமாகவோ மேலிருந்து கீழாகவோ, எப்படிப் படித்தாலும் அதேதான்.

எதிர்பாராதது: எழுத்தைக் கோத்தவர் தம் பெயரையும் வெட்டிவைத்திருக்கிறார், மணிய வண்ணக்கன் தேவன் சாத்தன். தமிழி என்ற பழைய தமிழ் எழுத்து (தமிழ் பிராமி), வளைவான வட்டெழுத்தாக மாறிக்கொண்டிருந்த காலத்து ஆள்!

போகிறவர்கள் தண்ணீரை அடிவாரத்திலேயே நிரப்பிக்கொள்ளுங்கள்.